மூன்று நாள் விதியும் செவிலியரின் கேள்வியும்

மருத்துவமனையில் சேர்ந்த நோயாளியின் கையில் பெரும்பாலும் முதல் நாளே ஏறிவிடுவது ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய். இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைக்குள் ஊசியின் துணையோடு நுழைக்கப்பட்டு, ஊசி உருவப்பட்ட பிறகும் உள்ளேயே தங்கி, குளுக்கோஸ் முதல் ஆன்டிபயாடிக் வரை அத்தனைக்கும் வழிவிடும் இந்தக் குழாயைப் பாடநூல்கள் கேனுலா என்று குறிப்பிட, தமிழ்நாட்டு வார்டுகளில் ஒரு வணிகப் பெயரே பொதுப்பெயராகி அது வென்ஃப்ளான் என்று வழங்குகிறது. குழாய் தங்கியிருக்கும் இடத்தில் சில வேளைகளில் வலி எடுக்கும், தோல் சிவக்கும், வீக்கம் காணும், தொட்டுப் பார்த்தால் சிரை கயிறுபோல் தடித்திருக்கும். சிரை அழற்சி எனப்படும் இந்த நிலையைத் தவிர்ப்பதற்காகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குழாயாக இருந்தாலும் மூன்று நாளானால் அதைக் கழற்றிவிட்டு வேறிடத்தில் புதிதாகப் போட வேண்டும் என்ற விதி பல நாடுகளின் மருத்துவமனைகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இந்த விதிக்கான விலையை நோயாளியே கொடுத்துவந்தார். முதியவர், குழந்தை, பலமுறை கீமோதெரபி பெற்றவர் ஆகியோரின் கையில் புதிய சிரையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. மக்கள் வழக்கில் சிரையும் நரம்பு என்றே சொல்லப்படுவதால், "நரம்பு கிடைக்கவில்லை" என்ற சொல்லைக் கேட்டதும் உடனிருப்பவரின் முகம் வாடுவதும், ஒரு கையில் இரண்டு மூன்று இடங்களில் குத்திய பிறகு மறு கைக்கு மாறுவதும் வார்டுகளில் அன்றாடம் காணக்கூடியவை. அத்தனை வலியையும் நியாயப்படுத்தும் அளவுக்கு அந்த விதி நோயாளியைக் காத்ததா என்ற கேள்விக்கோ உறுதியான விடை இருக்கவில்லை. நாள் கூடக்கூட அழற்சி கூடுகிறது என்று காட்டிய பழைய கவனிப்புகளே விதிக்கு அடிப்படையாக இருந்தன. குழாய் செய்யும் பொருள் காலப்போக்கில் மாறிவிட்டபோதும் விதி மாறாமல் நின்றது.

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தவர்கள் செவிலியர்களே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மூன்று மருத்துவமனைகளைச் சேர்ந்த 3283 நோயாளிகளை, கிளேர் ரிக்கார்ட் என்ற செவிலிய ஆய்வாளரின் தலைமையிலான குழு இரண்டு பிரிவாகப் பிரித்தது. யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரோ செவிலியரோ நோயாளியோ முடிவுசெய்யாமல் குலுக்கல் போன்ற ஒரு முறைக்கு விட்டுவிடும் இத்தகைய ஆய்வே சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை எனப்படுகிறது. இரு பிரிவினரும் வயது, நோயின் கடுமை முதலியவற்றில் ஏறத்தாழ ஒத்திருப்பார்கள் என்பதால், விளைவில் காணும் வேறுபாட்டைச் சிகிச்சையின் வேறுபாடாகவே கொள்ள இம்முறை இடம்தருகிறது. ஒரு பிரிவினருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாய் மாற்றப்பட்டது. மற்றவர்களுக்கு வலி, சிவப்பு, அடைப்பு போன்ற அறிகுறி தென்பட்டால் மட்டுமே மாற்றப்பட்டது. 2012-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த முடிவின்படி, ஒவ்வொரு பிரிவிலும் சிரை அழற்சி கண்டவர்கள் 114 பேர், அதாவது ஏறத்தாழ 7 சதவீதம். அந்த மருத்துவமனைகளில் மூன்று நாள் கணக்கு அழற்சியைக் குறைக்கவில்லை. ஊசிக் குத்துகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் பாடம் எளிதாக இருந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள், 96 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயை மாற்றும் தங்கள் வழக்கத்தை 2018-இல் கைவிட்டு, அறிகுறி கண்டால் மாற்றும் முறைக்கு வந்தன. 2016 முதல் 2020 வரை போடப்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, புதிய முறை நடப்பிலிருந்த மாதங்களில் குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று ஏறுவது பல மடங்கு கூடியிருந்தது தெரியவந்தது. ரத்தத் தொற்று சிரை அழற்சியைவிட மிக அரிதானது, ஆனால் மிகக் கொடியது. சில ஆயிரம் பேரைக் கொண்ட சோதனையில் அதன் ஏற்ற இறக்கம் கண்ணில் படாமல் போகலாம். மருத்துவமனை பழைய விதிக்கே திரும்பியது, தொற்றும் குறைந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிட்டன என்று இதைப் படிப்பது தவறு. அறிகுறி கண்டால் மாற்றுவது என்ற முறையின் உயிர்நாடி, அறிகுறியை யாரேனும் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஷிப்டிலும் செவிலியர் ஒட்டுப்பட்டையின் வழியே அந்த இடத்தைப் பார்த்து, விரலால் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டு, பார்த்ததைக் குறித்துவைத்து, தேவையற்ற குழாயை அன்றே எடுத்துவிடும் வார்டில் நாள் கணக்கு தேவைப்படாமல் போகலாம். அப்படிப் பார்க்க நேரமில்லாத வார்டில், நாள் கணக்கு என்பது குறைபாடுள்ள, ஆனால் கைவிடக்கூடாத பாதுகாப்பு. ஆய்வு முடிவை அது பிறந்த சூழலோடு சேர்த்துப் படித்து, தன் வார்டின் நிலையோடு பொருத்திப் பார்க்கும் இந்த உழைப்பைத்தான் சான்று சார்ந்த செவிலியம் என்ற தொடர் குறிக்கிறது.

செவிலியத்தில் எண்ணுக்கு இடமுண்டு என்பதை முதலில் நிறுவியவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையில் அவர் விளக்கேந்தி நடந்த காட்சியை எல்லோரும் அறிவர். போர் முடிந்து நாடு திரும்பிய பின், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு அமர்ந்து இறப்புப் பதிவுகளை மாதவாரியாகப் பிரித்து, போர்க்களக் காயத்தைவிட மருத்துவமனையின் அழுக்கும் தடுக்கத்தக்க நோய்களுமே வீரர்களைக் கொன்றன என்று வண்ண வரைபடங்களால் காட்டியதை அறிந்தவர் குறைவு. அந்த மரபு பின்னர் மங்கிப்போய், மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் செய்யும் பழக்கமே பெரும்பாலான வார்டுகளை ஆண்டது. 1972-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன், சிகிச்சைகளில் எவை உண்மையில் பயன்தருகின்றன என்பதைச் சோதித்தறிய வேண்டும் என்று வாதிட்டு எழுதிய நூலும், அவர் பெயரில் 1993-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய காக்ரேன் அமைப்பும் மருத்துவத்தில் காற்றை மாற்றின. ஒரே கேள்வியைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி, தரம் பிரித்து, ஒருங்கே எடைபோடும் முறைசார் மீளாய்வு என்ற எழுத்துவகை இதன் வழியே பெருகியது. செவிலியத்துக்கென்று இப்பணியை முதன்மையாக மேற்கொண்ட ஜோனா பிரிக்ஸ் நிறுவனம் 1996-இல் அடிலெய்டில் தோன்றியது. ராயல் அடிலெய்டு மருத்துவமனையின் முதல் மேட்ரனாகிய செவிலியரின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

ஆய்வுச் சான்று, செவிலியரின் அனுபவ அறிவு, நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு பிறக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை. மூன்றாவதை வெறும் மரியாதைச் சொல்லாகக் கொள்ளக்கூடாது. படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது நல்லது என்று எல்லா வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. எனினும் புற்றுநோயின் கடைசி நாட்களில், ஒவ்வொரு புரட்டலும் தாங்க முடியாத வலியைத் தரும் ஒருவர் "என்னை இப்படியே விட்டுவிடுங்கள்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கும் சான்றின் தட்டில் எடை உண்டு.

படுக்கைப் புண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் மருத்துவர் மிக அரிதாகத் தொடும், முற்றிலும் செவிலியரின் கையில் உள்ள பகுதி இது. எலும்பு புடைத்திருக்கும் இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், தோள்பட்டை போன்ற இடங்களில் உடலின் எடை ஓயாமல் அழுத்த, தோலுக்கும் தசைக்கும் ரத்தம் போவது தடைப்பட்டு, முதலில் சிவந்து பின் அழுகிக் குழியாகிவிடும் இப்புண்ணைத் தடுக்க, முதுகில் ஸ்பிரிட் தடவித் தேய்த்துப் பவுடர் போடுவது பல தலைமுறைச் செவிலியர்களுக்குக் கற்பிக்கப்பட்ட கடமை. பிரிட்டிஷ் செவிலியர் டோரீன் நார்ட்டன் முதிய நோயாளிகளிடையே நடத்தி 1962-இல் வெளியிட்ட ஆய்வு, தோலில் எதைத் தடவினாலும் பெரிய பயன் இல்லை, படுக்கும் நிலையை அடிக்கடி மாற்றி அழுத்தத்தை நீக்குவதே காக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. நோயாளியின் உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் தந்து, யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கும் நார்ட்டன் அளவுகோலும் அதே ஆய்வின் பிள்ளை. அமெரிக்கச் செவிலியர்கள் பார்பரா பிராடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1987-இல் வெளியிட்ட பிராடன் அளவுகோல், ஊட்டச்சத்தையும் ஈரத்தையும் உராய்வையும் கணக்கில் சேர்த்தது. இன்று பல நாடுகளில் அதுவே வழக்கு.

இன்றைய பன்னாட்டு வழிகாட்டுதல்கள் ஒருபடி மேலே போய், சிவந்துவிட்ட தோலைத் தேய்க்கவே கூடாது, அடியிலுள்ள நலிந்த திசுவை அது மேலும் சிதைக்கும் என்கின்றன. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தின் மேல் நோயாளியை உட்காரவைப்பதும், கையுறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும் வேண்டாம் என்றும் அவை கூறுகின்றன. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்திப் புதிய இடத்தில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். தண்ணீர்க் கையுறையோ குதிகாலின் சிறு பரப்பில் அழுத்தத்தை மாற்றித் தருமேயன்றி நீக்காது. கெண்டைக்காலின் நீளத்துக்கு ஒரு தலையணையை வைத்து, குதிகால் எதன்மீதும் படாமல் தொங்கும்படி விட்டாலே போதுமானது. பலராலும் நல்லெண்ணத்தோடும் சிரத்தையோடும் செய்யப்படும் இவற்றைத் தவறு என்று சொல்வது செவிலியரைப் பழிப்பதாகாது. கற்பித்தவர்களுக்கு அன்று கிடைத்த அறிவு அவ்வளவுதான்.

இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்றும் பல இடங்களில் வேரூன்றியுள்ளது. விழுங்க முடியாத நோயாளிக்கு மூக்கின் வழியே இரைப்பைக்குச் செலுத்தப்படும் ரைல்ஸ் ட்யூப், தவறிச் சுவாசக் குழாய்க்குள் போய்விட்டால், அதன்வழி ஊற்றப்படும் கஞ்சி நேரே நுரையீரலில் இறங்கும். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று அறிய, சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குபுகுபு என்ற ஒலியைக் கேட்பது வழக்கம். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அதே ஒலி வயிற்றுப்புறத்தில் கேட்கக்கூடும் என்பதை அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் நார்மா மெத்தெனியின் பல்லாண்டு ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-இல் காற்றுச் சோதனையைக் கைவிடுமாறு எச்சரித்தது. குழாயிலிருந்து சிறிது திரவத்தை உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் தொட்டு, அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் உணவைத் தொடங்கலாம். ஐயமிருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதே மாற்று வழி. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவரிடம் இந்தத் தாளும் தடுமாறும் என்பதையும் செவிலியர் அறிந்திருக்க வேண்டும். ஒரு துண்டுத் தாள் வாங்கித் தரப்படாததால் நோயாளியின் நுரையீரலைப் பணயம் வைப்பதற்கு எந்த மருத்துவமனை நிர்வாகமும் காரணம் சொல்ல முடியாது.

ஆய்வு முடிவு அச்சேறிவிட்டாலே வார்டுக்கு வந்துவிடுவதில்லை. வந்துசேர என்னென்ன தேவை என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் காட்டியது. கழுத்து அல்லது மார்பின் பெருஞ்சிரை வழியே இதயத்தின் அருகே வரை செல்லும் சென்ட்ரல் லைன் என்ற குழாயால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தத் தொற்று ஏற்படுவதைக் குறைக்க, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் வகுத்த திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இணைந்தன. கையைச் சுத்தம் செய்தல், குளோர்ஹெக்ஸிடின் கொண்டு தோலைத் துடைத்தல், குழாய் போடும்போது முகக்கவசம் தொப்பி அங்கியோடு நோயாளியை முழுவதுமாகக் கிருமி நீக்கிய துணியால் மூடுதல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே எடுத்தல் என்ற ஐந்தும் அன்றைய மருத்துவம் முன்பே அறிந்தவை. புதிதாக வந்தது அதிகாரம்: இவற்றில் ஒன்றை மருத்துவர் தவறவிட்டால், நெருக்கடி இல்லாத வேளையில் செயல்முறையை நிறுத்திவிடும் உரிமை செவிலியருக்குத் தரப்பட்டது. தேவையான பொருள்கள் அனைத்தும் ஒரே வண்டியில் ஆயத்தமாக வைக்கப்பட்டன, மருத்துவமனையின் மேலதிகாரிகள் திட்டத்துக்குப் பொறுப்பேற்றனர், ஒவ்வொரு மாதத் தொற்று எண்ணிக்கையும் அந்தந்தப் பிரிவுக்கே திருப்பி அறிவிக்கப்பட்டது. 2006-இல் வெளியான அறிக்கையின்படி, ஒரு குழாய் ஒரு நாள் உடலில் இருப்பதை ஒரு குழாய் நாள் என்று கொண்டால், ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்து, 18 மாதம்வரை அங்கேயே நின்றது.

மிச்சிகனைப் பின்பற்றி இங்கிலாந்தில் நடத்தப்பட்ட திட்டத்தின்போதும் தொற்று குறைந்தது. ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்துகொண்டிருந்ததால், குறைவைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்ல முடியவில்லை. அங்கிருந்த பிரிவுகளை நேரில் கவனித்த ஆய்வாளர்கள், மேலிருந்து இறங்கிய ஆணையாகத் திட்டம் பார்க்கப்பட்ட இடங்களில் அது உயிர்பிடிக்கவில்லை என்று கண்டனர். சரிபார்ப்புப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு, செவிலியரைப் பேச விடாத மருத்துவமனைக்குப் பட்டியலால் பயனில்லை. மருத்துவர் முன் செவிலியர் வாய் திறக்கத் தயங்கும் நம் நாட்டுப் பழக்கத்துக்கு இந்தச் செய்தி நேரடியாகப் பொருந்தும்.

அதிகாரத்துக்கு அடுத்தது நேரம். அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கென் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை, அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பொறுத்தவரை, ஒரு செவிலியரின் பொறுப்பில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்புடையதாக இருப்பதைக் காட்டியது. இது ஒத்திகழும் தொடர்பேயன்றி நேரடியான காரண நிறுவல் ஆகாது எனினும், ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்விலும் அதே போக்குத் தென்பட்டது. பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறி; இரவு ஷிப்டில் ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்க்கும் நடப்பை அறிந்த எவருக்கும் அந்த நெறிக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரியும். ஆளில்லாத வார்டில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கேனுலாவையும் ஷிப்டுதோறும் தொட்டுப் பார்க்கச் சொல்வது சான்றைக் கேலிசெய்வதாகும். செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுவதும் சான்று சார்ந்த முடிவே. உலகில் அதற்கான ஆய்வுகள் போதிய அளவு குவிந்துவிட்டன.

மாற்றத்தை நடத்திக்காட்ட ஒரு வழிமுறையும் உண்டு. மரீட்டா டிட்லரும் சக செவிலியர்களும் 1994-இல் வெளியிட்ட அயோவா மாதிரி, வார்டில் எழும் ஒரு சிக்கலையோ புதிய ஆய்வையோ தொடக்கமாகக் கொண்டு, அது அந்த மருத்துவமனைக்கு முதன்மையானதா என்று பார்த்து, சிறு குழு அமைத்து, சான்றைத் திரட்டி எடைபோட்டு, போதுமான சான்று இருந்தால் ஒரே ஒரு வார்டில் சோதித்து, விளைவை அளந்து, நன்மை உறுதியான பின்னரே மற்ற வார்டுகளுக்கு விரிக்கச் சொல்கிறது. ஒரே வார்டில் தொடங்குவது என்பதுதான் இதில் மிக மதிப்புள்ள அறிவுரை; ஜெனீவாவைப்போல் அளந்துகொண்டே இருப்பவர்களுக்குத்தான் திரும்பிவரும் வழியும் தெரியும்.

இந்தியச் செவிலியர்களுக்குப் படிக்கும் வாயில் அடைபட்டிருக்கவில்லை. 1946-லேயே செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையமும் இயங்கிவந்தது. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் காக்ரேன் நூலகம் நாடு முழுவதற்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அதன் மீளாய்வுகளின் எளிய சுருக்கங்கள் பல தமிழிலும் கிடைக்கின்றன. எட்டு மணி நேர ஷிப்டில் அவற்றைப் படிக்க அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு விடைசொல்ல வேண்டியவர்கள் பணிப்பட்டியல் போடுபவர்களே. வாரத்துக்கு ஒருமுறையேனும் வார்டுச் செவிலியர்கள் ஒரு கேள்வியோடு கூடிப் பேசுவதற்கான நேரத்தை, மருந்து வாங்கும் செலவைப்போலவே தவிர்க்க முடியாத செலவாக மருத்துவமனைகள் கருத வேண்டும்.

அதுவரை நோயாளியும் உடனிருப்பவரும் செய்யக்கூடியது சிறிது உண்டு. கையில் குழாய் உள்ள இடம் வலித்தாலோ சிவந்தாலோ வீங்கினாலோ, அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திராமல் உடனே செவிலியரிடம் காட்டுங்கள். மருந்து ஏறுவது நின்று ஒருநாள் ஆகியும் குழாய் கையிலேயே இருந்தால், இது இன்னும் தேவையா என்று கேளுங்கள்.